ஒரு நாளைக்கு எத்தனை எழுத்து?



வெளிநாட்டு வேலை என்றாலே அரபு நாடு என்றிருந்த காலம் மாறி வருகிறது. 2019இல் இலங்கையும் ஜப்பானும் உடன்படிக்கை செய்த பிறகு, முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளை எண்ணி நம் பிள்ளைகளும் ஜப்பானிய மொழி படிக்கிறார்கள்.

அந்த மொழி யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. பேராசிரியர் அ. சண்முகதாஸும் அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸும் 1980களில் ஜப்பான் சென்று, பேராசிரியர் சுசுமு ஓனோவுடன் தமிழ் - ஜப்பானிய ஒப்பாய்வில் உழைத்தார்கள். இரண்டும் உறவு மொழிகள் என்ற ஓனோவின் கருத்தை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. ஆனாலும் வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு போன்ற ஒட்டுகள் சொல்லின் பின்னால் வருவது எல்லாம் நமக்குப் பழகியவையே. வசனம் நமக்கு இலகு. எழுத்துத்தான் மலை!

ஹிரகானா, கதகானா என்ற இரண்டு நெடுங்கணக்கிலும் 46, 46 எழுத்துகள். சில வாரங்களில் வந்துவிடும். பிள்ளைகள் களைத்துப்போவது மூன்றாவதான ‘கான்ஜி’யில். (நோன்புக் கஞ்சியை நினைத்துவிடாதீர்கள்!) சீனத்திலிருந்து வந்த, ஒவ்வொன்றும் பொருள் தரும் எழுத்துகள் அவை. பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136 இருக்கின்றன.

புங்குடுதீவில் ஒரு பிள்ளை படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு யாழ்ப்பாணத்தில். குறிகட்டுவான் பஸ்ஸில் வீடு வந்து, தண்ணீர் எடுத்துவைத்து, சமையலுக்கும் கை கொடுத்த பிறகுதான் கொப்பியைத் திறக்கிறாள். ‘நாளுக்கு 20 எழுத்து’ என்று தீர்மானம். பத்தாம் நாள் பழைய எழுத்து 180, அதன்மேல் புதிது 20. ஒருநாள் காய்ச்சல் வந்தால் மறுநாள் 40. கடைசியில், “எனக்கு மூளை இல்லை உம்மா” என்று கொப்பியை மூடிவிடுகிறாள்.

குறை மூளையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஜப்பானில் முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கே 80 எழுத்துகள்தான். இரண்டாம் வகுப்பில் 160. ஆறு வருடத்தில் 1026. வீட்டிலேயே அந்த மொழி பேசும் பிள்ளைக்கு ஒரு வருடம் கொடுப்பதை, நம் பிள்ளை நாலே நாளில் விழுங்கப் பார்க்கிறாள்!

இப்படிச் செய்து பாருங்கள்:

நாளுக்கு 5 புதிய எழுத்து, வாரத்தில் 5 நாள். ஆறாம் நாள் மீட்டல் மட்டும். ஏழாம் நாள் விடுமுறை. 12 வாரத்தில் 300 எழுத்து சேரும். பராமரிப்பு வேலைக்குக் கேட்கப்படும் என்4 நிலைக்கு ஏறக்குறைய இவ்வளவு தேவை என்பார்கள்.

முதலில் பழைய பாடம், பிறகு புதியது. பழையது தடுமாறினால் அன்று புதியது வேண்டாம். குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைகள் பழைய பாடத்தை ஒப்புவித்துக்கொண்டே முன்னேறுவதை நாம் அறிவோம். இடைவெளி விட்டு மீட்டினால் நினைவு நிலைக்கும் என்பதை ஜெர்மனிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885இலேயே எழுதினார். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று மீட்டட்டும். அதற்கு பஸ் பயணமே போதும்.

தவறிய நாளை மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

உருவைப் பிரித்துப் படிக்கட்டும். ‘மரம்’ இரண்டு சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு. மரத்தின் பக்கத்தில் மனிதன் நின்றால் ‘ஓய்வு’. முதலாம் வகுப்பின் 80 எழுத்துகளில் இந்த ஓய்வும் ஒன்று!

உம்மாமார்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. “இன்றைக்கு எத்தனை எழுத்து படித்தாய்?” என்று கேட்காதீர்கள். “நேற்றுப் படித்ததை வாசித்துக் காட்டு” என்று கேளுங்கள். தினமும் அரை மணித்தியாலம் அவளைக் கூப்பிடாமல் விடுங்கள். கட்டிய கட்டணத்தைச் சொல்லிக்காட்டி விரட்டினால், பணமும் போகும், படிப்பும் போகும். ஐந்து ஐந்தாகச் சேர்ப்பவள்தான் பரீட்சை மண்டபம் வரை போவாள்.