பீகாரின் பிள்ளைகள் மீது ஏன் பழி?

பருவநிலை மாற்றம் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு குரல் தவறாமல் கேட்கிறது: "ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தாமல் என்ன செய்தும் பயனில்லை." அடுத்த நொடியே விரல் வடக்கே நீளும். பீகார், உத்தரப் பிரதேசம் என்று பெயர் சொல்லியே குற்றம் சாட்டுவார்கள். தென்மாநிலங்கள் குடும்பக் கட்டுப்பாட்டில் ஜெயித்துவிட்டன, நம் கணக்கு நேராகிவிட்டது என்ற நிம்மதியும் அதோடு சேர்ந்தே வரும். நல்லெண்ணம் உள்ளவர்கள்கூட இதை நம்புகிறார்கள். இது பிழையான கணக்கு. அதைவிட, ஏழைகளுக்கு இழைக்கும் அநியாயம்.

ஆள் பெருகினால் புகை பெருகும் என்பதுதான் இந்த வாதத்தின் வேர். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் இரண்டு அட்டவணைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3 குழந்தைகள். கார் இருப்பதோ நூற்றுக்கு 2 வீடுகளில். கோவாவில் குழந்தைகள் 1.3, கார் நூற்றுக்கு 45 வீடுகளில். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடினால் ஒன்றரை டன். இந்தியாவில் ஓர் ஆளின் வீட்டு நுகர்வு முழுவதற்குமான சராசரியே 0.56 டன்தான். சோறு, துணி, மின்சாரம், பயணம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

அந்தச் சராசரியைக் கணக்கிட்டது கியோட்டோ நகர ஆய்வு நிறுவனம் ஒன்றின் குழு. தேசிய மாதிரி ஆய்வில் இடம்பெற்ற சுமார் 2 லட்சம் குடும்பங்களின் செலவு விவரங்களை மாவட்டவாரியாக அலசி 2021இல் வெளியிட்டார்கள். மிகக் குறைவாகச் செலவிடும் பிரிவினரின் கார்பன் தடம் தலைக்கு 0.19 டன்; மிக அதிகமாகச் செலவிடுவோருடையது 1.32 டன். கிட்டத்தட்ட ஏழு மடங்கு. இடத்துக்கு இடம் தடம் மாறுவதற்கு முதற்காரணம் மடியில் இருக்கும் பணம்.

"பிள்ளை குறைந்தாலே தடம் குறையும்" என்போர் கேரளத்தையும் தமிழ்நாட்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் பிறப்பு விகிதம் ஏறக்குறைய ஒன்றே, 1.8. கார் வைத்திருக்கும் குடும்பங்களோ கேரளத்தில் 24 விழுக்காடு, தமிழ்நாட்டில் 6.5 விழுக்காடு. பிறப்பு விகிதத்தை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. வளைகுடாப் பணம், வீடுகள் சிதறிக் கிடக்கும் குடியிருப்பு முறை, நம்மூர்க் குக்கிராமம் வரை போகும் டவுன் பஸ் என்று வேறு காரணங்களைத்தான் தேட வேண்டும். 2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் தமிழகப் பெண்கள் டிக்கெட் வாங்காமல் போகிறார்கள். கார்பன் கணக்கில் இதன் மதிப்பை நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். இன்னொன்று: குடும்பம் சிறுத்தால் தலைக்கான தடம் கூடவும் செய்யும். ஏழு பேருக்கு ஒரு ஃபிரிட்ஜ் ஓடுவதும் மூன்று பேருக்கு ஒன்று ஓடுவதும் சமமாகாது.

"விறகும் வரட்டியும் எரிக்கிறார்களே?" எரிக்கிறார்கள். அந்தப் புகை முதலில் அடுப்படியில் நிற்கும் பெண்ணின் நுரையீரலைத்தான் கெடுக்கிறது. அதற்காகவே அது ஒழிய வேண்டும். எல்லோரும் கேஸுக்கு மாறினால் மட்டும் என்ன ஆகிவிடும்? ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ, எரித்தால் 42 கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு. ஆண்டுக்கு ஏழு சிலிண்டர் என்றால் சுமார் 300 கிலோ. ஒரே ஒருவர் சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் ஒருமுறை போய்த் திரும்பினால் ஏறத்தாழ அதே அளவு வந்துவிடும்.

"அனல்மின் நிலையங்களும் சுரங்கங்களும் அந்தப் பக்கம்தானே?" எங்கே எரிகிறது என்று பார்த்து வண்ணம் தீட்டும் வரைபடங்கள் நம்மை ஏமாற்றுவது இங்கேதான். ஒடிசாவின் தால்ச்சேரில் எரியும் நிலக்கரியில் பிறக்கும் மின்சாரத்தின் பெரும்பங்கு, சுமார் 1,370 கிலோமீட்டர் நீளும் உயரழுத்த மின்பாதையில் கர்நாடகத்தின் கோலாருக்கு வந்து, தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களுக்குப் பிரிகிறது. மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் இருக்கும் 4,760 மெகாவாட் விந்தியாச்சல் நிலையம், குஜராத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் கோவாவுக்கும் மின்சாரம் தருகிறது. சாம்பலும் தூசும் அந்த ஊர்களுக்கு, ஏசியின் குளிர்ச்சி நமக்கு. சுவிட்சைத் தட்டியவரின் பெயரில் எழுத வேண்டிய கணக்கைச் சாம்பலைச் சுவாசிப்பவரின் பெயரில் எழுதுவதை எப்படி ஏற்பது?

கடைசியாக வருவது, "இன்று ஏழைகள், சரி, நாளை அவர்களும் வசதியானால் பூமி தாங்குமா?" என்ற கேள்வி. அதே ஆய்வுக்குழு இதற்கும் கணக்குப் போட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழே கிடக்கும் இந்தியர் எல்லோரையும் அந்தக் கோட்டுக்கு மேலே தூக்கிவிட்டாலும் நாட்டின் வீட்டு நுகர்வுத் தடம் சுமார் 2 விழுக்காடுதான் உயரும். ஆகவே, தடத்தைக் குறைக்கும் பொறுப்பு ஏற்கெனவே அதிகம் நுகர்பவர்களுடையது. எந்த மாநிலத்தில் இருந்தாலும், எத்தனை பிள்ளை பெற்றிருந்தாலும் சரி. மாநில அரசுகள் தங்கள் பருவநிலைத் திட்டங்களில் ஆலைப் புகையோடு நிறுத்தாமல், மாவட்டவாரியாக, வருமானவாரியாக வீட்டு நுகர்வின் தடத்தையும் கணக்கிட்டு வெளியிட வேண்டும். தமிழ்நாடு அதை முதலில் செய்யட்டும்.