பூட்டிய வளவுக்கு யார் பொறுப்பு?



கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் டெங்கு ஒழிப்பு வாரம் வந்தால் பரிசோதகர்கள் தட்டுவது ஆள் இருக்கும் வீட்டுக் கதவைத்தான். பூச்சாடித் தட்டில் புழு கண்டால் எச்சரிக்கை, அதற்கு மேல் நீதிமன்றம். அதே ஒழுங்கையில் தகரம் அடித்து மறைத்த பாதிக் கட்டடத்தின் மின்தூக்கிக் குழியில் மழைத்தண்ணீர் மாதக்கணக்கில் பச்சை பிடித்துக் கிடக்கும். பூட்டிய வீட்டின் பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கும். மதிலுக்கு மேலால் வீசிய குப்பைப் பைகள் பற்றைக்குள் குவியும். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் உரிமையாளரையும் குடியிருப்பவரையும் ஒரே தரத்தில்தான் பொறுப்பாக்குகிறது. நடைமுறையில் அகப்படுபவர் குடியிருப்பவர் மட்டுமே. முட்டை நுளம்பாகிப் பறக்கப் பத்து நாள்கூடத் தேவையில்லை. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டு, 400 பேருக்கு மேல் இறந்ததை இந்த நகரம் அதற்குள் மறந்துவிட்டதா?

உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார், வளவு பங்கு வழக்கில் கிடக்கிறது, 2022 பொருளாதார நெருக்கடியில் கட்டடக்காரர் முடங்கிப்போனார், இவர்களை எங்கே பிடிப்பது என்று கேட்கிறார்கள். காரணங்கள் உண்மையானவை. 1983 கலவரத்துக்குப் பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. பங்கு வழக்குகள் ஒரு தலைமுறையையே விழுங்குவதும் தெரிந்ததே. ஆனால் ஆளைப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. மதிப்பீட்டு வரி ஆளைத் தேடுவதில்லை. வளவின் இலக்கத்தில் விழுகிறது, கட்டாவிட்டால் ஆதனத்தையே விற்று அறவிடவும் மாநகர சபைக்கு அதிகாரம் உண்டு. அந்த வழியிலேயே துப்புரவுச் செலவையும் அறவிடலாம். வாயிலில் அறிவித்தல் ஒட்டி, குறித்த தவணைக்குள் யாரும் வராவிட்டால் சபையே தண்ணீரை இறைத்து, பற்றையை வெட்டி, செலவை வரிக் கணக்கில் ஏற்றட்டும். காணி கைமாறும் நாளில் அந்தக் கடன் தீராமல் உறுதி எழுத முடியாது என்றாக்கினால் வழக்காடும் பங்காளிகளே முந்திக்கொண்டு வருவார்கள். சபையிடம் பணமில்லை என்ற சாட்டுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

இன்னொரு அச்சத்தை லேசாகத் தள்ள முடியாது. குறைவாகப் பயன்படும் சொத்துகள் என்று பெயரிட்டு 2011இல் அரசு தனியார் நிறுவனங்களைக் கையகப்படுத்தியதை நாம் பார்த்தோம். ஊரைவிட்டுப் போக நேர்ந்தவர்களின் வீடுகளுக்கும் அதே கதி வரக்கூடாது. ஆகவே சபைக்குக் கிடைக்கும் அதிகாரம் நுழைந்து துப்புரவாக்கிச் செலவை அறவிடுவதோடு நிற்க வேண்டும். உரித்தில் கை வைக்கக்கூடாது. ஒவ்வொரு நுழைவுக்கும் நீதவானின் கட்டளை வேண்டும் என்று வைத்தால் அதுவே போதிய காவல்.

2025இல் தெரிவான மாநகர சபை உறுப்பினர்கள் முதல் வேலையாகத் தத்தம் வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் வளவுகளையும் நின்றுபோன கட்டடங்களையும் கணக்கெடுத்து, அந்தப் பட்டியலை அடுத்த பருவமழைக்கு முன் மூன்று மொழியிலும் வெளியிட வேண்டும்.

இங்ஙனம்,
வரியிறுப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.