ஆர்ப்பும் அதிர்வும்

நரம்புக் கருவிக்கு ஆகாத குற்றங்கள் நான்கு என வகுத்தனர் பண்டை இசைநூலோர். செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்பன அவை. பண்ணோடு பொருந்தாது இன்பமின்றி ஒலித்தல் செம்பகை. அளவிறந்து ஓங்கி ஒலித்தல் ஆர்ப்பு. தன்னோசை மழுங்குதல் கூடம். இனிது ஒழுகாது சிதறி ஒலித்தல் அதிர்வு. நீரில் நின்று அழுகிய மரத்தாலும் இடி வீழ்ந்த மரத்தாலும் யாழ் செய்யின் இத்தகைய குற்றங்கள் நேரும் என்பது உரைகாரர் கொள்கை. இவ்வளவு நுட்பமாகக் குற்றத்தைக் கேட்டறிந்த செவியை வியவாதார் யார்? எனினும், இன்று மின்கிட்டார் வாசிப்போர் தம் காலடியில் பரப்பி வைத்துள்ள பெடல் என்னும் சிறு பெட்டிகளுட் பல, அந்நான்கனுள் ஆர்ப்பையும் அதிர்வையும் விரும்பி வரவழைத்தற்கென்றே செய்யப்பட்டவை.

நம் மாணவர் இசைப்போட்டியில் கிட்டாருக்கு இடமுண்டு, பெடலுக்கு இடமில்லை. அவ்வோசை கைத்திறத்தால் வருவதன்று, பெட்டியால் வருவது என்பது அவ்விதிக்குக் கூறப்படும் காரணம். ஞாயிறுதோறும் ஆலயத்தில் எதிரொலிப் பெடலின் வழியே மிதந்துவரும் கிட்டாரொலியிற் கண்மூடி உருகுவோருட் சிலரே, திங்களன்று இக்காரணத்தைக் கூறக் கேட்கின்றோம். அது நிற்க. இவ்விதி நீக்கற்பாலது என்பது எம் துணிபு.

மின்கிட்டார் என்பது யாது? மரக்கிட்டாரில் நரம்பின் அசைவை உள்ளீடற்ற மரப்பேழை பெருக்கித் தருகிறது. மின்கிட்டாரிலோ, எஃகு நரம்புகளின் கீழே காந்தமும் அதனைச் சூழ்ந்த செப்புக்கம்பிச் சுருளும் உள. நரம்பு அசையுந்தோறும் காந்தப்புலம் மாறுபட, சுருளில் மெல்லிய மின்னோட்டம் எழுகிறது. அது ஆம்ப்ளிபயரிற் பெருகி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைத்த பின்னரே நமக்கு ஓசையாகிறது. ஆகவே நரம்பிற்கும் செவிக்கும் இடையே மின்சாரம் புகுந்தது பெடலோடன்று. கருவி பிறந்த அன்றே புகுந்துவிட்டது. ஆம்ப்ளிபயரை மேடையில் ஏற்றிவிட்டுப் பெடலை வாயிலில் நிறுத்துவது, யானையை உள்ளே விட்டு அதன் வாலைத் தடுப்பதை ஒக்கும்.

இனி, இவ்வோசைகளின் பிறப்பை நோக்குவோமாயின், அவை கடையிற் பிறந்தன அல்ல, பழுதிற் பிறந்தன என்பது புலனாகும். 1951-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 'ராக்கெட் 88' என்னும் பாட்டைப் பதியச் சென்ற குழுவினரின் ஆம்ப்ளிபயர் வழியிற் சேதமுற்றது. பழுதுற்ற கூம்பிற் காகிதத்தைத் திணித்து வாசித்தனர். கரகரத்த அவ்வோசையே பதிவில் நின்றது. 1958-இல் லிங்க் ரே என்பார் தம் 'ரம்பிள்' என்னும் இசைக்கெனப் பென்சிலால் ஸ்பீக்கரைக் குத்தித் துளைத்தார். அவ்விசை இளைஞரைக் கலகத்திற்குத் தூண்டும் என்று அஞ்சிச் சில வானொலி நிலையங்கள் அதனை ஒலிபரப்ப மறுத்தன. ஒரு சொல்லும் இல்லாத இசையைத் தடைசெய்தவர், ஓசையின் ஆற்றலுக்குத் தம்மையறியாமலே நற்சான்று அளித்தனர் என்றே யாம் கொள்வோம்.

இவ்வரலாற்றில் எம் உள்ளத்தை மிகக் கவர்ந்தது நாஷ்வில் நகர நிகழ்ச்சியே. 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' என்னும் அமைதியான காதற்பாட்டின் நடுவே, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் திடீரெனத் தேனீக்கூட்டம்போல் இரைகிறது. பதிவுக்கூடத்து மிக்சர் மேசையின் ஒரு வழியில் நேர்ந்த பழுதே அதற்குக் காரணம். அப்பகுதியை அழித்து மீண்டும் பதிந்திருக்கலாம், அவ்வாறு செய்திலர். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அப்பழுதை ஆராய்ந்து, அதே ஓசையை வேண்டும்போது தரவல்ல சிறு மின்சுற்றொன்றைத் துணைவரோடு சமைத்தார். கிப்சன் நிறுவனம் அதனை 1962-இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. கடைக்காரர் வாங்கி அடுக்கினர். பின்னர்க் கேட்பாரற்றுக் கிடந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், 'சாடிஸ்ஃபாக்ஷன்' என்னும் பாட்டில் பித்தளை ஊதுகருவிகள் வந்து வாசிக்கவேண்டிய இடத்தை அடையாளங் காட்டுதற்காகவே இப்பெடலை மிதித்து வாசித்தார். ஊதுகருவிகள் வரவேயில்லை, அடையாளமே பாட்டாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் கடைகளிற் பெட்டி கிடைப்பது அரிதாயிற்று.

ஃபஸ் பெடல் செய்வது யாது எனின், மின்னலையைத் தாங்கும் அளவிற்கு மேற் பெருக்கி, அதன் முடியையும் அடியையும் வெட்டிவிடுகிறது. வளைந்த குன்று மேசைபோல் தட்டையாகிறது. அவ்வாறு வெட்டுண்ட அலையில், வாசித்த சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என அதிர்வெண்ணுடைய மேலிசைகள் பல புதியனவாக எழுகின்றன. கரகரப்பு என நாம் கேட்பது அம்மேலிசைகளின் நெருக்கமே. இதனை அயலார் மட்டுமே கண்டனர் என்னல் வேண்டா. நம் தம்புராவின் குதிரைமேல், கம்பியின் கீழே ஒரு நூலிழையை நகர்த்தி நகர்த்தி வைப்பது எதற்கு? கம்பி குதிரையை மெல்ல உரசி இரைதற்கன்றோ! அந்நூல் உரிய இடத்தில் அமைந்த கணத்தில் ஓசை விரிந்து மலர்வதைக் கேட்டார் அறிவர். அதிர்வு எனத் தள்ளற்பாலதை அளவறிந்து கொண்டனர் நம்மவர். அந்நூல் கைத்திறமன்று எனக் கூறி எந்தப் போட்டியிலும் எவரும் அதனை அறுத்தெறிந்திலர்.

கைத்திறம் எங்கே என்று கேட்போர் ஜிமி ஹென்ட்ரிக்ஸைக் கேட்பாராக. 1969 ஆகஸ்ட் 18 காலையில், நியூயார்க் மாநிலத்தில் நிகழ்ந்த உட்ஸ்டாக் விழாவில், தம் நாட்டின் தேசிய கீதத்தை அவர் மின்கிட்டாரில் வாசித்தார். வியட்நாமிற் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவரும் 1961, 1962 ஆண்டுகளில் அமெரிக்கப் பாராசூட் படையிற் பணிபுரிந்தவர். அக்கீதத்தில் ஏவுகணையும் வெடிகுண்டும் பேசப்படும் இடம் வந்ததும், மெட்டு உடைகிறது. ஃபஸ் பெடலின் ஆர்ப்பு ஒருபால். பாதத்தால் அசைக்கும் வா-வா பெடலின் ஓலம் ஒருபால். ஸ்பீக்கரின் ஓசை மீண்டும் நரம்பையே அசைக்க, அசைந்த நரம்பு மீண்டும் ஸ்பீக்கரிற் புக, ஓயாது வளரும் கூக்குரல் ஒருபால். விமானம் தாழ்ந்து வருகிறது, குண்டு விழுகிறது, மக்கள் அலறுகின்றனர். பின்னர் மெட்டு, ஒன்றும் நிகழாததுபோல் விட்ட இடத்தில் தொடர்கிறது. இவற்றை எந்தப் பெட்டி தானே செய்யும்? அதே பெட்டிகளை எம் கையில் தந்தால் அயலகத்தார் கதவை அடைப்பர், அவ்வளவே.

பெடல்களின் வேறு விந்தைகளும் உள. ரிங் மாடுலேட்டர் என்பது இரண்டு அதிர்வெண்களை ஏற்று, அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் மட்டும் வெளியிடும். 440-ஐயும் 300-ஐயும் தந்தால் 740-உம் 140-உம் வரும். சுரத்தானத்திற் பொருந்தாத அவை உடைந்த மணியோசைபோல் ஒலிக்கும். டிலே என்னும் எதிரொலிப் பெடலில் மீளொலியின் குமிழை ஓரளவிற்கு மேல் திருப்பினால், எதிரொலி தேய்வதற்கு மாறாக வளரத் தொடங்கும். அப்போது காலக் குமிழைத் திருப்பினால் அது சங்குபோல் ஏறியிறங்கும். ஃபஸ்ஸை டிலேக்கு முன் வைத்தால் கரகரத்த சுரம் தனித்தனியே திரும்பி வரும்; பின் வைத்தால் எதிரொலிகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். ஒன்பது வோல்ட் மின்கலம் தேய்ந்தால் ஃபஸ் விக்கி விக்கி ஒலிக்கும். அவ்விக்கலை வேண்டியே மின்னழுத்தத்தைக் குறைக்கும் குமிழ் அமைந்த பெடல்களும் உள.

இத்துணையும் கூறியதால், பெட்டி வாங்குவதே இசை என்று யாம் கூறுவதாகத் தோழர் கொள்ளற்க. விடுதியிற் சிலர் மாதந்தோறும் உணவுச்செலவைச் சுருக்கிப் புதுப் பெடல் வாங்குகின்றனர். வாசிக்கும் பாட்டோ சென்ற ஆண்டு வாசித்ததே. 'மை பிளடி வேலன்டைன்' குழுவின் 'லவ்லெஸ்' என்னும் 1991-ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேட்போர், நூறு பெடல்களேனும் வேண்டும் என்று மயங்குவர். ஆனால் அதன் அலையலையான ஓசைக்குக் கெவின் ஷீல்ட்ஸ் பெரிதும் நம்பியது, வாசிக்கும்போதே கிட்டாரின் ட்ரெமோலோ கோலைப் பற்றி அசைத்த தம் கையையும், தலைகீழாகச் சூழும் ஒரு முழக்கத்தையுமே. டாம் மொரெல்லோ ஒரு சில பெடல்களோடும், கிட்டாரிலேயே உள்ள சுவிட்சைத் தட்டித் தட்டியும், இசைத்தட்டைத் தேய்க்கும் ஓசை வரை வரவழைத்தார். அவர் குழுவின் 1992-ஆம் ஆண்டு முதல் தொகுப்பின் உறையில், இதிற் கீபோர்டோ சிந்தசைசரோ பிற பதிவின் துண்டுகளோ இல்லை என்று அச்சிட நேர்ந்தது. கேட்டவர் நம்பமாட்டார் என்பதை அவர் அறிவர்.

ஆதலின் போட்டிக்குழுவார்க்கு எம் வேண்டுகோள் இது: பெடலுக்கு விதித்த தடையை நீக்குக, ஒருவருக்கு மூன்று பெட்டி என எல்லை வகுக்க. முன்னரே பதிந்துவைத்த ஓசையை ஒலிக்கச் செய்வதைத் தடுக்க. அவையினர் காணக் கையாலும் காலாலும் எழுப்பும் ஓசை எதுவாயினும் கேட்டு மதிப்பிடுக. பெட்டிகளை இணைத்து ஓசையைச் சரிபார்த்தற்கு ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் வேண்டும். நிகழ்ச்சிநிரல் வகுக்கும்போதே அதனை ஒதுக்கிவிடுதல் நன்று.