வாரம் ஒரு மணி நேரம் தருவீர்களா?

காலை ஏழு மணி. அரக்கோணத்தில் பாதி ஊர் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில், முப்பது முப்பத்தைந்து வயசு மனிதர் ஒருவர், போகிறவர் வருகிறவரைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ளவர். "சாப்பிட்டாச்சா?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதோடு சரி!

அவரைப் பார்ப்பதற்கென்றே யாராவது அந்த வீட்டுக்கு வந்ததுண்டா?

சின்ன வயசில் பள்ளிக்கூடமாவது இருந்தது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் இலவசக் கல்வி, 6 வயசு முதல் 18 வயசு வரைதான். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, 18 வயசு தாண்டியவருக்குப் பாதுகாவலரை நியமிக்கலாம். நல்ல சட்டங்கள்தான். ஆனால், நண்பனை எந்தச் சட்டமும் நியமிக்க முடியாதே!

அமெரிக்காவில் அதற்கும் வழி கண்டார்கள். அந்தோணி கென்னடி ஸ்ரைவர் என்பவர் 1989-ல் 'பெஸ்ட் படீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஜனாதிபதி கென்னடியின் தங்கையும் இவருடைய பெரியம்மாவுமான ரோஸ்மேரிக்கு இதே குறைபாடு இருந்தது. ஒரு கல்லூரி மாணவர், குறைபாடு உள்ள ஒருவர் என்று ஜோடி சேர்த்தார்கள். சேர்ந்து சினிமா, அரட்டை, பிறந்த நாள். அவ்வளவுதான் திட்டம்!

"இதற்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? இருக்கிறது. இவர்களில் பலருக்கு வலியை விவரித்துச் சொல்லத் தெரியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சகஜம். ஆள் சோர்ந்து போனால், "அவன் சுபாவமே அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். வாரா வாரம் பார்க்கிற நண்பருக்குத்தான், "போன வாரம் இப்படி இல்லையே!" என்று உறைக்கும். டாக்டரிடம் போகச் சொல்வதும் அவராகத்தான் இருக்கும்.

நீங்கள் செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் அவரிடமும் அம்மா அப்பாவிடமும் பேசுங்கள். அவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரட்டும். அதுவரை அவர்கள் கண் முன்னாலேயே பழகுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து ரயில் பார்க்கலாம், டீ குடிக்கலாம், கேரம் ஆடலாம். எங்கே போகலாம் என்பதை அவரே சொல்லட்டும். முப்பது வயசுக்காரரைக் கன்னத்தில் கிள்ளிக் கொஞ்சாதீர்கள். ஒரு நாள் டீக்குக் காசை அவர் நீட்டினால் மறுக்காதீர்கள். வாங்கிக்கொண்டே இருப்பவருக்குக் கொடுப்பதில் எத்தனை சந்தோஷம் தெரியுமா?

ஒரே ஒரு எச்சரிக்கை. மூன்று வாரம் போய்விட்டு நிறுத்திவிடுவதாக இருந்தால், தயவுசெய்து ஆரம்பிக்கவே வேண்டாம். வர முடியாத வாரம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நமக்கு அது மறந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவரோ சட்டை மாற்றி, தலை வாரி, திண்ணையில் காத்துக்கொண்டிருப்பார்.

"எங்களுக்கு அப்புறம் இவனுக்கு யார்?" என்பதுதான் இந்தத் தாய்மார்களின் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. அதற்கு முழு பதில் உங்களிடம் இல்லைதான். ஆனாலும், பெற்றவர்களைத் தவிர அவரைப் பெயர் சொல்லித் தேடி வர ஊரில் இன்னும் ஒருத்தர் இருக்கிறார் என்றால், அந்த அம்மா கொஞ்சமாவது தூங்குவார், இல்லையா?