போதும் என்று சொல்லும் முன்

கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளை வைத்திருப்பவர்களாவது முழுதாக வாசியுங்கள்.

2024 ஏப்ரலில் அமெரிக்காவில் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதிப்போட்டி நடந்தது. சவுத் கரோலினா 87, அயோவா 75. டி.வி.யில் பார்த்தவர்கள் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேல். ஆண்கள் இறுதிப்போட்டிக்குக் கூட அந்த வருஷம் அவ்வளவு கூட்டம் இல்லை. "அமெரிக்காவில் எல்லாம் நடக்கும் சார்" என்பீர்கள். 2021-ல் இதே போட்டிக்கு வந்த பெண்களுக்கு உடற்பயிற்சிக்கு ஒரே ஒரு அடுக்கு டம்பெல்ஸ்தான் வைத்திருந்தார்கள். ஆண்களுக்கோ கூடம் நிறையக் கருவிகள். செடோனா பிரின்ஸ் என்ற வீராங்கனை அதை செல்போனில் எடுத்து ஊருக்கே காட்டிய பிறகுதான் சரி செய்தார்கள்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு போட்டி உண்டு. பல்கலைக்கழக அணிகள் முதலில் மண்டல அளவில் ஆடும். அதில் முதல் நான்கு இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டி. நம் பக்கத்துப் பிள்ளை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்தால் அந்த வழி திறக்கும்.

கபடிக்கும் வாலிபாலுக்கும் நம் மண் தரை போதும். கூடைப்பந்துக்கு 28 மீட்டருக்கு 15 மீட்டர் கெட்டித் தளம் வேண்டும், பந்து எழும்ப வேண்டுமே. ஆனால் அதைவிடப் பெரிய தடை வீட்டு வாசலில்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், "போதும் சார், வெயில்ல கறுத்துப் போறா, நாளைக்கு ஒரு இடத்துல கட்டிக் கொடுக்கணும்லா" என்பார்கள். சங்கரன்கோவிலில் பொதிகை ஏறினால் விடிந்ததும் சென்னை. கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்புகிறோம். ஆட்டம் என்றால் மட்டும் தூரம் கூடிவிடும்!

சென்னை அனிதா பால்துரை பதினெட்டு வருஷம் இந்திய அணியில் ஆடியவர், தலைவியாக இருந்தவர். தெற்கு ரயில்வேயில் வேலை. குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்தார். 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியில் கஜகஸ்தானை 75-73 என்று வென்ற அணியில் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ.

பெற்றவர்கள் பயம் பொய்யில்லை. ராத்திரிப் பயணம், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, எல்லாம் நானும் கேள்விப்பட்டவன்தான். அதனால் கேளுங்கள்: கூட வரும் டீச்சர் யார், தங்குமிடம் எது, ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா? பதில் சரியில்லை என்றால் சண்டை போடுங்கள். பிள்ளையை நிறுத்தாதீர்கள்.

கல்லூரியில் வேலை பார்க்கும் என் மாணவர்களே, போட்டிக்குப் போன நாளுக்கு வருகைப் பதிவு கொடுங்கள். தவறிய இன்டர்னல் தேர்வை மறுபடி வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பள்ளிக்கு ஏதாவது செய்யணும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்லா? மேடையும் வளைவும் போதும், ஒரு சிமெண்ட் தளம் போட்டு இரண்டு வளையம் மாட்டிக் கொடுங்கள். உயரம் 3.05 மீட்டர். ஒரு அங்குலம்கூடக் குறைக்க வேண்டாம், வெளியூரில் போய் ஆடும்போது பிள்ளைகளுக்குக் கைக்கணக்குத் தப்பிவிடும்.