ஒத்திசைவு காப்புப்படி ஆகாது

"எல்லாம் டிரைவில் பத்திரமாக இருக்கிறது, வீட்டில் எதற்கையா ஒரு சர்வர்?" என்று சென்ற வாரம் ஆய்வாள நண்பர் ஒருவர் கேலி செய்தார். கள ஆய்வு செய்யும் நம்மில் பெரும்பாலோர் அவர் கட்சியே. அந்த நம்பிக்கை தவறானது என்பது மட்டுமன்று, நம்மை நம்பிப் பாடிக் கொடுத்த முதியோருக்கு நாம் இழைக்கும் அநீதியும் ஆகும் என்று கருதுகிறேன்.

டிரைவ் முதலியன செய்வது ஒத்திசைவு. மடிக்கணினியில் நீங்கள் ஒரு கோப்புறையை அழித்தால் அங்கும் அது பணிவோடு அழிக்கப்படும். குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடக்கும், அவ்வளவே. ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் ஒலிப்பதிவு காணாமற்போனதை முப்பது நாளில் எவர் அறிவார்? கல்வி நிறுவனங்களுக்கு வரம்பின்றி அளித்த இடத்தைக் கூகுள் 2022-இல் நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என்று சுருக்கியது. இடநெருக்கடி வரும்போது முதலில் கழிக்கப்படுவது படித்து வெளியேறியவர் கணக்கா, துணைவேந்தர் கணக்கா என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனம் கைவிடாது என்பாரும் உளர். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில் ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. அழித்தவன் கள்வன் அல்லன்; காப்புப்படி எடுக்கும் நிரலே பிழையான புதுப்பித்தலால் கோப்புகளைத் துடைத்தது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவுமையம் தீப்பற்றியபோது, அரசு ஊழியரின் 858 டெராபைட் கோப்புகள் சாம்பலாயின. அளவு மிகப் பெரிது என்று வெளியே வேறு படி வைக்கவில்லையாம்!

ஆயினும் வீட்டுச் சர்வர் அன்பர்கள் இதைப் படித்து மகிழ வேண்டா. நானே செய்த பிழையைச் சொல்கிறேன். நாகலாபுரத்தில் எங்கள் வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் நிறுவி, தனி மின்னிணைப்புக் கொண்ட புறவன்தட்டு ஒன்றைப் பொருத்தி, இரவுதோறும் ஆர்சிங்க் ஓடும்படி கிரானில் எழுதிவைத்திருந்தேன். ஒரு கோடையில் நெடுநேர மின்வெட்டு. பேட்டரியும் தீர்ந்து கணினி அணைந்தது. மின்சாரம் வந்து அதை எழுப்பியபோது புறவன்தட்டு ஏற்றப்படவில்லை. எஃப்எஸ்டேபில் 'நோஃபெயில்' என்று நானே எழுதியிருந்தமையால் சர்வர் முறையீடு ஏதுமின்றி எழுந்தது. ஆர்சிங்க்கோ தனக்குச் சொல்லப்பட்ட பாதையில் வெற்றுக் கோப்புறை ஒன்றைக் கண்டு, அதிலேயே நான்கு மாதம் எழுதிக்கொண்டிருந்தது. அதாவது மூலமும் படியும் ஒரே உள்வன்தட்டில்! பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் மாதம் அந்த வன்தட்டு செத்தது.

போனவற்றுள் சுருட்டப்பள்ளிப் பக்கத்து மூதாட்டி ஒருவர் பாடிய நடவுப் பாட்டுகள் இருந்தன. தெலுங்கும் தமிழும் ஒரே அடியில் கலந்துவரும் பாட்டுகள். மறுபடி பாடச்சொல்லிக் கேட்கலாம் என்று போனேன். அவர் காலமாகி இருபது நாள் ஆகியிருந்தது.

எங்கள் ஊர் வேதநாராயணர் கோயிலுக்கு வந்தவர்கள் கதையை அறிவர்: சோமுகாசுரன் மறைத்த வேதங்களைத் திருமால் மீனாய்ச் சென்று மீட்டார். வேதத்துக்கே ஒரு படிதான் இருந்தது போலும்! நமக்கு எந்த மீனும் வராது. தரவுமீட்பு நிலையத்தார் விலைப்பட்டியல்தான் வரும்.

இப்போது நிரலின் முதல் வரியே 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளை. தட்டு ஏற்றப்படவில்லையெனில் வேலை நின்று கைப்பேசிக்குச் செய்தி வரும். ஆர்சிங்க்குக்கு மாற்றாக ரெஸ்டிக் வைத்திருக்கிறேன். நேற்றைய நிலை, சென்ற மாத நிலை என அடுக்கடுக்காய்க் காப்பதால் இன்று அழித்தது நேற்றைய படியில் இருக்கும். அதன் கடவுச்சொல் தாளில் எழுதி அம்மாவின் பீரோவில் உள்ளது. அது தொலைந்தால் படி இருந்தும் பயனில்லை. மூன்றாம் படியான வன்தட்டு மாதம் ஒருமுறை பேருந்தேறி ஊத்துக்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போகிறது. ரெய்டு போட்டிருக்கிறேன், போதாதா என்பவர்க்கு: ரெய்டு ஒரு தட்டு செத்தால் வேலை நிற்காதபடி பார்க்கும், தவறாக அழித்ததை இரு தட்டிலும் ஒருசேர அழிக்கும்.

படியெடுத்தல் நமக்குப் புதிதன்று. வேலூரை அடுத்த திருவல்லத்தில் கோயிலைப் பிரித்துக் கட்டியபோது பழைய பல்லவர் காலக் கல்வெட்டைப் படியெடுத்துப் புதுச்சுவரில் வெட்டினார்கள். இது முன்னைக் கல்வெட்டின் படி என்றும் குறித்து வைத்தார்கள். கல்லையே நம்பாதவர்கள் வழிவந்த நாம் கடவுச்சொல் ஒன்றை நம்பிக் கிடக்கிறோம். ஆய்வுக்குழுக் கூட்டங்களில் மேற்கோள் வடிவம்பற்றி என்னை அரைமணி நேரம் கேட்டிருக்கிறார்கள்; தரவின் இரண்டாம் படி எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேலி செய்த நண்பரிடம் நான் வாதாடவில்லை. 2019-இல் அவர் எடுத்த பதிவுகளுள் ஏதேனும் ஒன்றை இப்போதே திறந்து ஒலிக்கச்செய்யும்படி மட்டும் கேட்டேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.