வேலைத்தலப் பக்கம்: மெசின் ஓடுகிறது, தண்ணீர் சுடவில்லை



சென்ற மாதம் ஒரு தம்பி இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்தார். லொறிகள் கழுவும் இடத்தில் வேலை. "அண்ணை, மெசின் ஓடுது. தண்ணியும் நல்ல வேகமா வருது. ஆனால் சுடுகுதில்லை. நான்தான் பழுதாக்கினது எண்டு முதலாளி கத்துறார். கூட வேலை செய்யிறவர், உள்ளுக்கிருக்கிற ஒரு சுவிச்சுக்குக் குறுக்கால வயர் போட்டால் சுடும் எண்டுறார். போடட்டோ?"

"வேண்டாம், அதைத் தொடாதையும்" என்றேன். அப்படிச் சொன்னதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1992 குளிர்காலம். ஜேர்மனியின் ரூர் பகுதியில் ஒரு கழுவுமிடம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத காலம். வேலை போய்விடுமோ என்ற பயம் நித்திரையிலும் இருந்தது. ஒரு நாள் மெசின் சுடவில்லை. என்னோடு நின்ற நண்பர் ஊரில் மோட்டார் திருத்தியவர். பெட்டியைத் திறந்து, தண்ணீர் ஓட்டத்தைக் கண்காணிக்கும் சுவிச்சுக்குக் குறுக்கே கம்பி போட்டார். உடனே நெருப்புப் பிடித்தது. முதலாளி தோளில் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் துவக்கின் விசையை விட்டுவிட்டுச் சற்று நேரம் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஓடவில்லை. நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நண்பர் மறுபடியும் விசையை இழுத்தபோது நீராவியும் கொதிநீரும் சீறிவர, பழைய இறப்பர் குழாய் கைப்பிடியருகே வெடித்தது. அவருடைய இடது கை முழங்கை வரை வெந்துபோனது.

பிறகு வந்த மெக்கானிக் தண்ணீர் வரும் வாயிலிலிருந்த வடியைக் கழற்றிக் காட்டினார். முழுக்க மணல். தண்ணீர் ஓட்டம் குறைந்ததால் சுவிச் நெருப்பை நிறுத்தி வைத்திருந்தது. சுவிச்சில் பழுதே இல்லை, அது தன் வேலையைத்தான் செய்தது. நண்பருக்கு அந்தக் கம்பித் துண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தவன் நான்.

எந்தக் கம்பனி செய்த மெசினாக இருந்தாலும் எம்மவர் அதைக் 'கேர்ச்சர்' என்றே சொல்வார்கள். அப்படிச் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. ஐரோப்பாவின் முதலாவது சுடுநீர் அழுத்தக் கழுவியை 1950 இல் உருவாக்கியவர் அல்பிரட் கேர்ச்சர். ஸ்ருட்கார்ட்டுக்கு அருகிலுள்ள வின்னென்டன் அவருடைய தொழிற்சாலை இருந்த ஊர். உள்ளே நடப்பது விளங்காத வித்தையல்ல. ஒரு பக்கம் மின்சாரத்தில் ஓடும் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. மறுபக்கம் டீசலில் எரியும் பிறென்னர், அந்தத் தண்ணீர் ஓடும் சுருள்குழாயைச் சூடாக்குகிறது. நெருப்புக்கு நான்கு வேண்டும்: தண்ணீர் ஓட்டம், டீசல், பொறி, காற்று. இந்த ஒழுங்கிலேயே பாருங்கள்.

பெட்டியில் கை வைக்குமுன் மெசினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, தண்ணீரைப் பூட்டி, விசையை இழுத்து அழுத்தத்தை வெளியேற்றி, ஆறவிடுங்கள். மின்சாரப் பகுதி உங்கள் வேலையல்ல. பொறி உண்டாக்கும் மின்மாற்றி சுமார் 10,000 வோல்ற் தரும்.

முதலில் சின்ன விஷயங்கள். வெப்பநிலைத் திருகி குளிர்நீரில் நிற்கிறதா? தாங்கியில் டீசல் போதுமா? பல மெசின்களில் டீசல் குறைந்தால் பிறென்னர் தானாக நின்றுவிடும், பம்ப் மட்டும் ஓடும். விசையை இழுத்துப் பிடித்தால்தான் நெருப்புப் பிடிக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

அடுத்து தண்ணீர். குழாயைப் பூரணமாகத் திறந்தீர்களா? இறப்பர் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா? வாயிலிலுள்ள வடியைக் கழற்றிக் கழுவுங்கள். துவக்கு நுனியிலுள்ள நொசில் தேய்ந்திருந்தால் அழுத்தம் விழும். சில மெசின்கள் அழுத்தம் போதாவிட்டால் நெருப்பை மூட்டா. எங்கள் கதையில் கோளாறு இந்த இடத்தில்தான் இருந்தது. ஐந்து நிமிட வேலை, ஒரு கையைக் காப்பாற்றியிருக்கும்.

தண்ணீர் சரி, காற்றாடியின் இரைச்சலும் கேட்கிறது, ஆனாலும் சுடவில்லை என்றால் புகைபோக்கியைப் பாருங்கள். குனிந்து முகத்தை நீட்டவேண்டாம், தள்ளி நின்று பாருங்கள். வெள்ளைப் புகையும் டீசல் மணமும் வந்தால் டீசல் வருகிறது, பொறி இல்லை. பொறி முனைகள் கரி பிடித்திருக்கலாம், இடைவெளி மாறியிருக்கலாம், பீங்கான் வெடித்திருக்கலாம். அப்போது திரும்பத் திரும்ப மூட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே சேரும் டீசல் ஒரேயடியாகப் பற்றும். புகையும் இல்லை, மணமும் இல்லை என்றால் டீசல் வரவில்லை. டீசல் வடி அடைத்திருக்கலாம், தாங்கியில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், டீசல் பம்பை மோட்டாரோடு இணைக்கும் துண்டு உடைந்திருக்கலாம். நெருப்புப் பிடித்துச் சில விநாடிகளில் அணைந்தால், நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் 'கண்' கரியால் மூடியிருக்கலாம், அல்லது டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். கரும்புகை வந்தால் காற்றுப் போதவில்லை.

குளிர்காலத்துக்கு ஒரு விசேட குறிப்பு. ஜேர்மனியில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி முடிவு வரை விற்கப்படும் டீசல் குளிர் தாங்கும் வகை. கோடையில் வாங்கிய டீசல் தாங்கியில் கிடந்தால், உறைகுளிரில் அதிலுள்ள மெழுகு திரண்டு வடியை அடைக்கும். மெசினைச் சூடான இடத்துக்குக் கொண்டுபோய் இளகவிடுங்கள். பெற்றோல் கலக்கவே கூடாது. இரவில் தண்ணீரை வடிக்காமல் வெளியே விட்டால் சுருள்குழாய் வெடிக்கும் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

நெருப்பு எரிகிறது, தண்ணீர் மட்டும் இளஞ்சூடு என்றால் கணக்குப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 10 லீற்றர் தண்ணீரை 12 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடாக்க, மணிக்கு 5 லீற்றருக்குச் சற்று அதிகமான டீசல் எரியவேண்டும். ஒரு மணி நேரத்தில் அவ்வளவும் குறைந்திருந்தும் தண்ணீர் சுடவில்லை என்றால் சூடு புகைபோக்கியால் வீணாகப் போகிறது. சுருள்குழாயின் வெளியே கரியோ உள்ளே சுண்ணாம்போ படிந்திருக்கும். வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் அதே சுண்ணாம்புதான். அதைத் தடுக்கும் திரவத்துக்குப் பல மெசின்களில் ஒரு சிறு போத்தல் உண்டு. பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். திறந்து பாருங்கள்.

மூடிய மண்டபத்தில் புகைக்கு வழியில்லாமல் இந்த மெசினை ஓட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியும் மயக்கமும் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள்.

மெக்கானிக்கிடம் 'கபுற்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கவேண்டாம். கண்டதைச் சொல்லுங்கள். 'டெர் பிறென்னர் சுண்டெற் நிஷ்ற்' என்றால் பிறென்னர் பற்றவில்லை. 'எஸ் றவுக்ற் வைஸ்' என்றால் வெள்ளைப் புகை வருகிறது. 'டாஸ் வசர் பிளைப்ற் கால்ற்' என்றால் தண்ணீர் குளிராகவே இருக்கிறது. கடுதாசியில் எழுதிப் பெட்டியின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்றும் கீழே குறித்து வாருங்கள். "நீதான் பழுதாக்கினாய்" என்று ஒருவர் சொல்லும்போது, அந்தக் கடுதாசி உங்களுக்காகக் கதைக்கும். சுவிச்சுக்கு வயர் போடச் சொன்னால், முதலாளியே சொன்னாலும், 'நைன்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு மொழிப் பரீட்சை எழுதத் தேவையில்லை.

தம்பி மூன்று நாள் கழித்து மறுபடி எடுத்தார். தண்ணீர் சரி, டீசல் சரி, வெள்ளைப் புகை வந்ததாம். அதையே மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கிறார். அவர் பொறி முனைகளைக் கையோடு கொண்டுவந்து அரை மணியில் மாற்றிவிட்டுப் போனாராம். "முதலாளி என்ன சொன்னவர்?" என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. அடுத்த மெசினையும் ஒருக்காப் பார் எண்டவர்."

என் நண்பர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது, ஆனால் வடியைப் பற்றி முதலில் எழுது" என்றார்.

அடுத்த இதழில், கழுவும் இரசாயனங்களிலிருந்து கையையும் கண்ணையும் காப்பது பற்றிப் பார்ப்போம்.